இரண்டு கைகளும் ஒரு குறையும்

அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள்: நூலகர், பல் டாக்டர், தையல்கார அக்கா, கூட்டம் முழுவதும் தூங்குகிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கடைசி நாற்காலியில் பூனை.

பூனை என்றால் வால் வைத்த பூனை இல்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண். நடக்கும்போது சத்தமே வராது. பின்னால் வந்து நின்று "ரப்பர் இருக்கா?" என்று கேட்பாள். கேட்கப்பட்ட ஆளுக்குத் தூக்கிவாரிப் போடும். அதனால் வகுப்பில் வைத்த பெயர் அது.

சத்தமில்லாமல் நடக்க அவள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. அவளுடைய அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. எல்லோரும் தூங்கும்போது அவர் மாவு பிசைவார். எல்லோரும் விழித்திருக்கும்போது தூங்குவார். வீட்டு ஜன்னலில் கறுப்புத் துணி. அழைப்பு மணிக்குள் பஞ்சு. நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை. அந்த வீட்டில் நாற்காலிகூட வெறுங்காலோடு நகராது.

அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை. மாதக் கடைசியில்தான் வருவாள். பள்ளி விட்டு வந்தால் பூனைக்குப் பேச ஆள் கிடையாது. ஆள் இருந்தாலும் பேசக் கூடாது. அதனால் பையை வைத்துவிட்டு நூலகத்துக்கு வந்துவிடுவாள்.

நூலகத்திலும் பேசக் கூடாதுதான். ஆனால் அங்கே எல்லோரும் சேர்ந்து பேசாமல் இருந்தார்கள். தனியாகப் பேசாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அந்த நூலகத்தில் புது நாவல் வாங்குவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பதிப்பகங்கள் புதிதாக வந்த நாவல்களைப் பெட்டியில் போட்டு அனுப்பும். அவை வாசலுக்கு அருகே ஒரு நீள மேசையில் கிடக்கும். அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மாத முடிவில் கூட்டம். ஒரு நாவலுக்கு இரண்டு கை எழுந்தால் அது நூலகத்துக்கு. எழாவிட்டால் வேனில் ஏறித் திரும்பப் போய்விடும்.

பெரியவர்கள் நாவலுக்குப் பெரியவர்கள் கை. சிறுவர் நாவலுக்குச் சிறுவர்கள் கை. இதில் நூலகர் கறார்.

இன்னொரு விதியும் உண்டு. கை தூக்குகிறவர் அந்தப் புத்தகத்தில் ஒரு குறையாவது சொல்ல வேண்டும்.

"முன்னெல்லாம் அட்டையைப் பாத்துட்டு 'ஆகா ஓகோ'ன்னு கை தூக்கினாங்க," என்பார் நூலகர். "அந்தப் புத்தகமெல்லாம் இன்னைக்கும் அலமாரியில புது மெருகு கலையாம இருக்கு. புகழ்றதுக்குப் படிக்கத் தேவையில்ல. குறை சொல்லணும்னா படிச்சுத்தான் ஆகணும்."

அன்றைக்கு ஒரு தடிமனான நாவலை வைத்துக்கொண்டு பல் டாக்டரும் தையல்கார அக்காவும் மல்லுக்கு நின்றார்கள்.

"பாதியில செத்துப்போன பெரியப்பா, கடைசியில வந்து டீ குடிக்கிறாரு," என்றாள் தையல்கார அக்கா.

"அது கனவும்மா. கனவுன்னு முதல் வரியிலயே போட்டிருக்கு."

"அந்த வரியில நான் தூங்கிட்டேன் டாக்டர். அதுதான் குறை. எழுதிக்கோங்க. என் கை மேல."

"அதுல வர்ற பல்வலி நிஜப் பல்வலி மாதிரியே இல்ல," என்று தன் குறையைச் சொல்லி டாக்டரும் கை தூக்கினார். நாவல் தேறியது. கணக்கு வாத்தியார் தூக்கத்திலேயே தலையாட்டினார்.

"சரி, சிறுவர் பக்கம்," என்று நூலகர் கடைசி நாற்காலியைப் பார்த்தார். குட்டி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில்தான் ஆள்.

வந்திருந்த சிறுவர் நாவல்கள் எல்லாவற்றையும் பூனை படித்துவிட்டாள். ஒன்று பேசும் சைக்கிளைப் பற்றியது. அந்தச் சைக்கிள் ஓயாமல் புத்திமதி சொன்னது. ஏறி உட்கார்ந்தாலும் சொன்னது, இறங்கினாலும் சொன்னது. இன்னொன்று துப்பறியும் கதை. திருடன் யாரென்று அட்டைப் படத்திலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாவது, 'பனிமூட்டத்து மணி'.

அதில் ஒரு தீவு. தீவில் ஒரு பெண், அவளுடைய அப்பா, ஒரு பெரிய மணி. அப்பா படகில் போய்விடுவார். பனி மூடும்போதெல்லாம் அந்தப் பெண் மணி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் படகுகள் பாறையில் மோதிவிடும். அந்தப் பெண் தனியாகத் தாயம் ஆடுவாள். வலது கை ஒரு கட்சி, இடது கை ஒரு கட்சி. இடது கை ஏமாற்றும்.

தனியாக இருக்கும் ஒரு பெண், அவளுடைய வேலையே சத்தம் போடுவது. அந்த இடம் வரும்போதெல்லாம் பூனை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

"இது வேணும்," என்று கை தூக்கினாள்.

"குறை?"

"இல்ல மேடம்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"ஒரு அச்சுப்பிழையாவது இருக்கும் கண்ணு," என்றாள் தையல்கார அக்கா. "ஏதாவது சொல்லித் தொலையேன்."

"இல்லக்கா. தேடிட்டேன்."

"குறையில்லாத புத்தகமும் கிடையாது, குறையில்லாத பல்லும் கிடையாது," என்றார் டாக்டர்.

"உங்ககிட்ட வந்தா நல்ல பல்லும் குறைப் பல்லாயிடுமே," என்றாள் அக்கா.

நூலகர் சிரிக்கவில்லை. "உன் கையே அரைக் கையாத்தான் இருக்கு. இன்னொரு கை எங்க? வேன் அடுத்த சனிக்கிழமைதான் வருது. அன்னைக்கு இந்த ஒரு புத்தகத்துக்காக மறுபடி உக்காரலாம். இன்னொரு பிள்ளையைப் படிக்க வச்சுக் கூட்டிட்டு வா. நீயும் ஒரு குறையோட வா. இல்லேன்னா பெட்டிக்குள்ள போயிடும்."

கடையில் வாங்கிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். பூனை வீட்டில் காலுறைகூட மனிதர்கள் போட்டுத் தேய்ந்த பிறகுதான் நாற்காலிக்குப் போகும். புத்தகம் வாங்கும் பேச்சு அங்கே எழுந்ததில்லை.

*

இன்னொரு பிள்ளையைக் கூட்டி வா என்று சொல்வது சுலபம். கூட்டி வருவதற்கு முதலில் யாராவது இருக்க வேண்டும்.

முதல் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டாள். "எத்தனை பக்கம்?" என்றாள் அவள். பூனை விரல்களால் தடிமனைக் காட்டினாள். "அம்மாடி," என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடும் பையனிடம் கேட்டாள். அவன் தாராள மனசுக்காரன். "இதுக்குப் போய் எதுக்குப் படிக்கணும்? சும்மா வந்து கை தூக்கறேன். அந்தக் குறையை மட்டும் நீயே சொல்லிக் குடுத்துடு."

பூனை அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். சொல்லிக் கொடுக்க அவளிடம் குறை இல்லை.

மத்தியானம் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாள். எப்போதும் அங்கேதான். எதிரே, தண்ணீர்க் குழாய் அருகே, ஒரு பையன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனும் எப்போதும் அங்கேதான்.

அவனுக்குப் பெயர் நொட்டை. ஆறாம் வகுப்பு. எதிலும் நொட்டை சொல்வான். பந்து விளையாடக் கூப்பிட்டால் கோடு கோணலாக இருக்கிறது என்பான். நேராகப் போட்டால் பந்து கோணல் என்பான். தலைமையாசிரியர் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருப்பதை மேடைக்கே ஏறிப் போய்ச் சொன்னவன். அவன் சொன்னது சரிதான். அதற்காக யாரும் அவனை ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

பூனை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அவன் பின்னால் நின்றாள்.

"உன்னால முடியாத ஒரு விஷயம் இருக்கு."

நொட்டை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். குடித்துக்கொண்டிருந்த தண்ணீரில் பாதி சட்டையில். "மனுஷங்க வந்தா சத்தம் வரணும். அது ஒரு ஒழுங்கு. என்ன விஷயம்?"

"ஒரு புத்தகம். அதுல குறையே இல்ல."

"குறையே இல்லாம எப்படி இருக்கும்?"

"இருக்கு. நான் தேடிப் பாத்துட்டேன். நீ தேடினாலும் கிடைக்காது."

நொட்டை டப்பாவை மூடினான். "எங்க இருக்கு அது?"

*

சாயங்காலம் நூலகத்துக்கு வந்தவன் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. "அட்டையில மணிக்கு நாக்கு வரையல. நாக்கு இல்லாம எப்படி அடிக்கும்?"

"அட்டை கணக்குல சேராது."

"யார் சொன்னா?"

"விதி," என்றாள் பூனை. அப்படி ஒரு விதி இல்லை.

அவன் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். அவள் எதிரே துப்பறியும் கதையை விரித்து வைத்துக்கொண்டாள், படிப்பது போல. மேசையின் அந்தப் பக்கம் தாள் திரும்பும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. தனக்கு எதிரே ஒருவர் பக்கம் திருப்புவதைக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. தலையைக் குனிந்தபடி அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

போகும்போது அவன், "கயித்துல ஒரு குறை இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள், "மழைக்கோட்டுல ஒண்ணு." அதற்கு மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை. நூலகர் விளக்கை அணைத்தபோதுதான் நிமிர்ந்து, "மூடறாங்களா?" என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் நூலகத்துக்கு வரவில்லை. அன்று மத்தியானமே குழாயடியில் கேட்டுவிட்டாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சு."

"குறை?"

"நிறைய."

"அப்ப நாளைக்குக் கை தூக்குவியா?"

"குறை கண்டுபிடிக்கத்தான் சொன்ன. கை தூக்கச் சொல்லல. பிடிச்சாத்தானே கை தூக்கணும்?" அவன் முகம் கடுகடுவென்று இருந்தது. எதையோ அவனிடமிருந்து யாரோ பிடுங்கிக்கொண்டது போல டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அப்பா எழுந்து வேலைக்குக் கிளம்பினார். நெற்றி ஓரத்தில் போன இரவின் மாவு இன்னும் ஒட்டியிருந்தது.

"அப்பா, ஒரு புத்தகம் இருக்கு..."

"நாளைக்குச் சொல்லு குட்டி. பஸ் போயிடும்."

அப்பாவின் வாயில் அதிகம் வரும் சொல் 'நாளைக்கு'. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்கு நாளை என்பது எப்போதும் தூக்கத்தில் போய்விடும், அவ்வளவுதான்.

மேல்வீட்டு அத்தை வேலை முடிந்து வந்து பூனையோடு படுத்துக்கொள்வாள். அத்தை வரும்வரை கதவு பூட்டியிருக்க வேண்டும். அதனால் அப்பா வெளியே போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பார்.

"பூட்டினியா?"

"பூட்டிட்டேன்."

அதற்குப் பிறகுதான் அவருடைய காலடி கீழே இறங்கும். பூனை கதவில் காதை வைத்து, கடைசிப் படிவரை கேட்பாள். அதற்கப்புறம் கேட்க ஒன்றும் இருக்காது. அன்றும் அப்படியே நின்றாள். மேலும் கொஞ்ச நேரம் நின்றாள். யாராவது வருவார்களா என்று பார்ப்பது போல.

அங்கே நின்றபோதுதான் புத்தகத்தின் குறை அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்தாள்.

*

சனிக்கிழமை எல்லோரும் இருந்தார்கள். நொட்டை ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தான். வாசலில் வேன்காரர் பெட்டியோடு நின்றார். பெட்டிக்குள் ஏற்கெனவே பேசும் சைக்கிள் இருந்தது.

"சொல்லுப்பா," என்றார் நூலகர்.

நொட்டை எழுந்தான். "நாலாவது அத்தியாயத்துல மணிக்கயிறு அறுந்துபோகுது. அஞ்சாவதுல அதே கயித்தைப் பிடிச்சு அடிக்கிறா. யார் கட்டினது?"

"அவளே முடிச்சுப் போட்டிருப்பா," என்றாள் பூனை. "எல்லாத்தையுமா எழுதுவாங்க?"

"அவங்க அப்பா போகும்போது மழைக்கோட்டு எடுக்கல. வரும்போது போட்டுட்டு வர்றாரு."

"படகுல ஒண்ணு வச்சிருப்பாரு."

"சரி, ஆடு? ரெண்டாவது அத்தியாயத்துல தீவுல ஒரு ஆடு இருக்கு. வெள்ளை ஆடு, ஒரு காது கறுப்பு. அதுக்கப்புறம் ஆட்டைப் பத்திப் பேச்சே இல்ல. ஆடு என்ன ஆச்சு?"

கணக்கு வாத்தியார் கண்ணைத் திறந்தார். "ஆமா, ஆடு என்ன ஆச்சு?"

"மேயப் போயிருக்கும்," என்றாள் பூனை, குரல் இறங்கி.

"கடைசிப் பக்கம் வரைக்குமா மேயும்?" என்றார் வாத்தியார்.

தையல்கார அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நூலகர் கேட்டார்: "சரி. கை?"

"இல்ல," என்றான் நொட்டை.

வேன்காரர் கையை நீட்டினார். "அப்ப பெட்டியில போட்டுடலாமா மேடம்? இன்னும் ரெண்டு இடத்துக்குப் போகணும்."

பூனை புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

"முதல்ல அவ குறையைச் சொல்லட்டும்," என்றான் நொட்டை திடீரென்று. "குறையே இல்லேன்னு பொய் சொல்லித்தான் என்னைப் படிக்க வச்சா. நான் சொன்ன ஒவ்வொண்ணுக்கும் சப்பைக்கட்டு கட்டறா. அவளுக்கு ஒண்ணுமே தெரியலையாமா? இதை அவ எத்தனை தடவை படிச்சிருக்கான்னு எனக்குத் தெரியும். மூலையெல்லாம் மழுங்கியிருக்கு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சொன்னால் புத்தகத்தைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். சொல்லாவிட்டால் புத்தகமே போய்விடும்.

"கடைசி அத்தியாயம்," என்றாள் பூனை.

நெஞ்சிலிருந்து புத்தகத்தை இறக்கி, கடைசிப் பக்கங்களைத் திறந்தாள்.

"ஒரு படகு வருது. அதுல அவ வயசுலயே ஒரு பொண்ணு. ரெண்டே பக்கத்துல சிநேகிதி ஆயிடறாங்க. முடிஞ்சுபோச்சு." அவள் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்படியெல்லாம் யாரும் வர மாட்டாங்க. நான் கதவுகிட்ட நின்னு பாத்திருக்கேன். வர மாட்டாங்க. அவ தனியா இருக்கறதை எழுதினவங்களால பாக்க முடியல போல. அவசரமா ஒரு படகைப் பிடிச்சு அனுப்பிட்டாங்க. அதுவரைக்கும் எல்லாம் நிஜமா இருந்துச்சு."

வேன்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். பல் டாக்டர் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

நொட்டை உதட்டைக் கடித்தான். பிறகு கையைத் தூக்கினான்.

"பிடிக்கலேன்னியே?" என்றார் நூலகர்.

"அந்தப் படகு வந்தப்ப எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு. ஏன்னு தெரியல. அதனால பிடிக்கலேன்னு நெனச்சேன். இப்பத் தெரியுது." அவன் கையை இறக்கவில்லை. "ஆட்டு விஷயமும் முடியல. மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும். புத்தகம் போயிட்டா எப்படிப் படிக்கறது?"

"ரெண்டாவது கை," என்றார் நூலகர். முத்திரையை எடுத்து, முதல் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

வேன்காரர் பேசும் சைக்கிளையும் திருடனையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

*

நொட்டையின் தெரு பூனையின் தெருவைத் தாண்டி இருந்தது. அதனால் இருவரும் ஒரே வழியில் நடந்தார்கள். வழியெல்லாம் அவன் பேசினான். தெருவிளக்கு சாய்ந்திருக்கிறது. அந்தக் கடைப் பலகையில் ஓர் ஆணி குறைகிறது. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவள் வீட்டு மாடிப்படியிலும் அவன் பேசிக்கொண்டே கூட ஏறினான்; அவள் உதட்டில் விரல் வைத்தாள். அவன் குரலை இறக்கினானே தவிர, நிறுத்தவில்லை. வாசலில் அழைப்பு மணியை அழுத்திப் பார்த்தான். 'முக்' என்றது.

"இது ரிப்பேர்."

"உள்ள பஞ்சு வச்சிருக்கு. அப்பா தூங்குவாரு."

"பஞ்சு வைக்கறதுக்கு எதுக்கு மணி?"

கதவு திறந்தது. அப்பா எழுந்துவிட்டிருந்தார். ஒரு காலில் ஷூ, மறு கால் வெறுமையாக. "யாரு குட்டி இது?"

"நூலகத்துல என்கூடக் கை தூக்கினவன்."

"சிநேகிதனா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்குள்ளயா?" என்றாள் பூனை. "அதுக்கு இன்னும் நிறையப் பக்கம் ஆகும்ப்பா."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் 'நாளைக்கு' என்று சொல்லவில்லை. இன்னொரு ஷூவை மாட்டி முடிப்பதற்குள் அவள் கயிறு, மழைக்கோட்டு, ஆடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆடு வந்ததும் அப்பாவும், "ஆடு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"தெரியாது சார். கண்டுபிடிக்கணும்," என்றான் நொட்டை. "உங்க ஷூ கயிறு ரெண்டும் ஒரே நீளத்துல இல்ல."

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றியா? வழியில மிச்சக் குறையையும் சொல்லு."

இருவரும் வெளியே போனார்கள். பூனை கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். வெளியே அப்பாவின் குரல்:

"பூட்டினியா?"

"பூட்டிட்டேன்."

காலடி இறங்கத் தொடங்கியது. உடனே நின்றது.

"சார், பொறுங்க," என்றது இன்னொரு குரல். "தாழ்ப்பாள் சத்தம்தான் கேட்டுச்சு. பூட்டுச் சத்தம் கேக்கல."

பூனை சாவியைப் பூட்டில் நுழைத்து, வெளியே நிற்கும் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும்படி, சத்தமாகத் திருப்பினாள்.